தாக்கினார், தாக்கினாராம்: ஒரு கொலையாளியின் வாக்குமூலமும் ஏழு ரசிகர்களும்

ஒஸ்லோவில் மாதம் ஒரு வியாழன் மாலை கூடும் கேட்போர் வட்டம் ஒன்றில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வட்டத்தில் ஏழு பேர், என்னையும் சேர்த்து. மெட்டல் எனப்படும் கடும் இசை கேட்பவர்கள். ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை பேசாமல் கேட்போம், பிறகு கதைப்போம். மூன்று வருடமாக அதை ஒருங்கிணைத்து வருபவன் நான். 1993இல் ஓர் இசைக்கலைஞரைக் கொன்ற இன்னோர் இசைக்கலைஞர் அந்தக் கொலையைப் பற்றிச் சொல்லும் கதையை எப்படி எடுத்துக்கொள்வது என்று இரண்டு கூட்டங்களில் எடுத்த முடிவுகளும், அவற்றில் ஒன்று பிழையாய்ப் போனதும்தான் இந்த ஆய்வின் பொருள். வட்டத்தில் இருந்தவர்களின் பெயர்களை எழுதவில்லை. வழக்கில் வரும் பெயர்கள் எல்லாம் பொதுப் பதிவில் உள்ளவை.

பின்னணி

அந்த நவம்பரில் நாங்கள் எடுத்துக்கொண்டது மேஹெம் குழுவின் ‘டே மிஸ்டெரீஸ் டோம் சத்தானாஸ்’. 1994இல் வந்த ஆல்பம். பிளாக் மெட்டல் என்ற கடும் இசை வகையின் நோர்வேக் கிளையைக் கேட்பவர்கள் எப்படியும் வந்துசேரும் இடம் அது. அதில் கிற்றார் வாசித்தவர் ஓய்ஸ்டைன் ஓர்செத், மேடைப் பெயர் யூரோனிமஸ். பேஸ் கிற்றார் வாசித்தவர் வார்க் விக்கர்னெஸ். புர்சும் என்ற பெயரில் தனி ஆளாக ஆல்பங்கள் செய்தவரும் அவரே. ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே பேஸ் வாசித்தவர் கிற்றார் வாசித்தவரைக் கொன்றுவிட்டார். பேஸை நீக்கிவிடும்படி ஓர்செத்தின் பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் அது நீங்கவில்லை என்பது அந்தக் குழுவின் டிரம்மர் பின்னாளில் சொன்ன செய்தி. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே பாட்டில் இன்றுவரை சேர்ந்து ஒலிக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு இசையைப் பற்றி மட்டும் பேசி எழுந்து போவோம் என்று நினைத்தது என் முதல் கவனக்குறைவு.

வட்டத்தில் இருந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது கடந்த மூத்தவர் ஒருவர், 1993இல் தோயன் பகுதியில் குடியிருந்தவர். இருபது வயது மாணவர் ஒருவர். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் தாதி. வரலாற்று ஆசிரியர். ஒலிப்பதிவு வேலை செய்பவர். தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் பெண்மணி, அவருடைய பெற்றோர் ஹோல்மன்கொல்லன் சிற்றாலயத்தில் திருமணம் செய்தவர்கள். பிறகு நான். நாங்கள் பேசிய மொழி நோர்வீஜியன். அது ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

யாரும் மறுக்காதவை

1993 ஓகஸ்ட் 10ஆம் தேதி அதிகாலை, ஒஸ்லோவின் தோயன் வீதியில் ஓர்செத் தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் இறந்து கிடந்தார். வயது 25. உடலில் 23 கத்திக்குத்துகள்: தலையில் 2, கழுத்தில் 5, முதுகில் 16. விக்கர்னெஸ் நோர்வேயின் மேற்குக் கரை நகரமான பேர்கனிலிருந்து காரில் வந்திருந்தார், அவருக்கு அப்போது வயது 20. உடன் வந்தவர் ஸ்னோரே ரூக் என்ற இன்னொரு இசைக்கலைஞர். ஓகஸ்ட் 19 அன்று பேர்கனில் விக்கர்னெஸ் கைதானார். 1994 மே 16 அன்று அவருக்கு 21 வருடச் சிறை, அன்றைய நோர்வேயில் அதுவே உச்சத் தண்டனை. கத்தியால் குத்தாத ரூக்குக்கும் உடந்தையாக இருந்ததற்காக 8 வருடம். விக்கர்னெஸ் 2009இல் வெளியே வந்தார்.

அதே வழக்கில் தேவாலயங்களை எரித்த குற்றங்களும் இருந்தன. ஹோல்மன்கொல்லன், ஷொல், ஓசனெ ஆகிய மூன்றுக்கும் அவர் குற்றவாளி என்று முடிவானது. பன்னிரண்டாம் நூற்றாண்டு மரத் தேவாலயமான ஃபான்டொஃப்ட், 1992 ஜூன் 6 அன்று எரிந்தது. அதற்கு மட்டும் ஜூரி, அதாவது பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழு, அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. அந்த விடையைப் பிழை என்றே நீதிபதிகள் கருதினார்கள், ஆனாலும் அதற்காக முழு வழக்கையும் கலைக்கவில்லை. இதற்கிடையே, 1993இல் வந்த புர்சும் வெளியீடு ஒன்றின் அட்டையில் எரிந்துபோன ஃபான்டொஃப்டின் படம் இருந்தது, முதல் பிரதிகளோடு ஒரு லைட்டரும் தந்தார்கள்.

அவர் சொல்லும் கதை

கொன்றதை விக்கர்னெஸ் மறுப்பதில்லை. ஏன், எப்படி என்பதைத்தான் மறுக்கிறார். சிறையிலிருந்தே பல பகுதிகளாக எழுதினார். பிறகு பேட்டிகளிலும் சொன்னார். சாரம் இது: ஓர்செத் அவரை மின் அதிர்ச்சிக் கருவியால் செயலிழக்கச் செய்து, கட்டிவைத்து, சித்திரவதை செய்து கொன்று, அதைப் படம்பிடிக்கத் திட்டமிட்டிருந்தாராம். கையெழுத்தாகாத ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிப் பேசக் கூப்பிடுவது அதற்கான சாக்காம். நெருங்கிய சிலரிடம் மட்டும் ஓர்செத் இதைச் சொல்லியிருந்ததால் விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லையாம். அன்றிரவு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் கொடுத்து உறவை முறித்துக்கொள்ளவே போனாராம். ஓர்செத்தான் பதறி முதலில் தாக்கினாராம். காயங்களில் பெரும்பாலானவை, உடைந்த விளக்குக் கண்ணாடியின்மேல் ஓர்செத் விழுந்ததால் வந்தவையாம்.

அரசுத் தரப்பு சொன்னது வேறு. கொலை முன்கூட்டியே திட்டமிடப்பட்டது, மூன்றாவது ஓர் ஆள் பேர்கன் வீட்டில் தங்கி, வாடகைக்கு எடுத்த வீடியோக்களை ஓடவிட்டு, விக்கர்னெஸின் வங்கி அட்டையைப் பயன்படுத்தி, அவர் ஊரிலேயே இருந்ததுபோல் தடயம் உண்டாக்க ஏற்பாடாகியிருந்தது என்றது.

முதல் வியாழன்: கவனித்தவை

ஆல்பம் முடிந்ததும் மாணவர் ஒரு கட்டுத் தாளைப் பையிலிருந்து எடுத்தார். விக்கர்னெஸ் எழுதியதை அச்செடுத்து, இரண்டு நிறத்தில் அடிக்கோடிட்டிருந்தார். ஊடகங்கள் முப்பது வருடமாக ஒரே பக்கத்தைச் சொல்லி வந்திருக்கின்றன, இங்கே மற்றப் பக்கம் இருக்கிறது, இதையும் கேட்போம் என்றார். அந்தக் கோரிக்கையில் பிழை எதுவும் இல்லை. வாசித்துவிட்டு வந்து பேசுகிறவரை நான் எப்போதும் மதிப்பேன்.

ஆனால் பதினைந்து நிமிடத்துக்குள் பேச்சு இரண்டு அணியானது. மூத்தவர் சொன்னது: ஆள் இனவெறியர், 2014இல் பிரான்சில் இன வெறுப்பைத் தூண்டியதற்காகத் தண்டனை பெற்றவர், அவர் வாயிலிருந்து வருவதை எதற்கு நம்புவது? மாணவர் சொன்னது: அவருடைய கொள்கை அருவருப்பானதுதான், அதற்கும் அந்த இரவுக்கும் என்ன தொடர்பு? அது சரியான கேள்வி. உடனே அவர் அடுத்ததையும் சொன்னார்: ஓர்செத் மட்டும் நல்லவரா? 1991இல் தன் குழுவின் பாடகர் தற்கொலை செய்துகொண்டபோது, பொலிஸைக் கூப்பிடுவதற்கு முன் உடலைப் படமெடுத்தவர் அவர். இங்கே மாணவர், தான் இப்போதுதான் மறுத்த வாதத்தையே மறுபக்கம் திருப்பிப் பயன்படுத்துகிறார் என்பதை நான் கவனித்தேன். சொல்லவில்லை. ஒருவருடைய குணம் கெட்டது என்பது, குறிப்பிட்ட ஓர் இரவில் அவர் என்ன செய்தார் என்பதற்கு விடையாகாது. கொன்றவருக்கும் அதே, கொல்லப்பட்டவருக்கும் அதே.

ஒலிப்பதிவாளர் வேறொரு வழியில் வழுக்கினார். புர்சும் இசையில் பொய் கிடையாது, அப்படி வாசிப்பவர் கதை கட்டமாட்டார் என்றார். இதை அவர் முழு மனதோடு சொன்னார். இருபது வருடமாக ஒரு கலைஞரோடு தனியாக இரவுகளைக் கழித்த ரசிகரின் நம்பிக்கை அது. எனக்கும் அந்தப் பாட்டுகள் பிடிக்கும் என்பதால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கிற்றார் ஒலியில் கேட்கிற உண்மைத்தன்மையைச் சாட்சி சொல்லும் வாய்க்கும் கொடுத்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் கவனித்தேன், அதன் பொருள் அப்போது பிடிபடவில்லை. பேசத் தொடங்கியபோது மாணவர், ‘அவர் எழுதியிருப்பதன்படி’ என்றுதான் ஆரம்பித்தார். பத்து நிமிடம் கழித்து, ‘ஓர்செத் முதலில் தாக்கினார்’ என்று நேராகச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுத்துப் பேசியவர்களும் அதே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, ‘முதலில் தாக்கியிருந்தாலும் 23 குத்து எதற்கு’ என்று வாதாடினார்கள். யாருடைய கதை என்ற அடையாளம் வாக்கியத்திலிருந்து கழன்று விழுந்திருந்தது.

பாடகர் குழுப் பெண்மணி அந்த மாலை முழுவதும் இரண்டே தடவைதான் பேசினார். எரிந்த சிற்றாலயத்தைப் பற்றி ஒன்று: அது 1992 ஓகஸ்டில் எரிந்தது, நான்கு வருடத்தில் புதிதாகக் கட்டினார்கள், அம்மா அப்பாவின் படத்தில் இருக்கும் கட்டடம் அது அல்ல. மற்றது, இறந்தவரின் பெற்றோரைப் பற்றி யாருமே பேசவில்லை என்று. அந்த இரண்டையும் தாண்டிப் பேச்சு ஓடிவிட்டது. நானும் ஓடவிட்டேன்.

என் முதல் முடிவு, அதன் பிழை

நேரம் ஒன்பதைத் தாண்டியிருந்தது. அறையை ஒன்பதரைக்கு ஒப்படைக்க வேண்டும். குரல்கள் உயர்ந்திருந்தன. சரி, ஒரு முடிவுக்கு வருவோம் என்று, அவருடைய கதையை நம்புகிறவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன். மூன்று கைகள் உயர்ந்தன. நம்பாதவர்கள் என்றபோதும் மூன்று. பெண்மணி எதற்கும் உயர்த்தவில்லை. அவர் மேலங்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதை நேர்மையாக எழுத வேண்டும். சண்டையை நிறுத்த விரும்பினேன், வாக்கெடுப்பு நிறுத்தும் என்று நினைத்தேன். ஆனால் உண்மையில் இறந்துபோன ஒரு மனிதனைப் பற்றிய கேள்வியை, எந்த ஆல்பம் சிறந்தது என்று கேட்பதுபோல் கேட்டுவிட்டேன். அதோடு கேள்வியே பிழை. ‘கதை’ என்று ஒன்று இல்லை. அதில் பத்துப் பதினைந்து தனித்தனிக் கூற்றுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் ஒவ்வொரு தரம். மொத்தமாக நம்புகிறாயா என்று கேட்டால், எளிதாக நம்பக்கூடியவை கடினமானவற்றையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிடும். ஒப்பந்தத் தகராறு இருந்தது என்று நம்புகிறவர், அதே கை உயர்த்தலில் கண்ணாடியையும் நம்பியவர் ஆகிவிடுகிறார்.

இடைப்பட்ட மாதம்

அடுத்த கூட்டத்தில் இதைத் தொடராமல் விட்டுவிடலாம் என்று தாதி சொன்னார். விட்டுவிடக் கூடாது என்று முடிவெடுத்தேன். மூன்றுக்கு மூன்று என்று நிற்கும் ஒரு பேச்சு அப்படியே உறைந்தால், இரு பக்கமும் தங்கள் பக்கத்தை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு போகும். குறிப்பாக இருபது வயதுக்காரர் ஒருவர், தன்னைக் கேட்க மறுத்தார்கள் என்ற மனத்தோடு அந்தத் தாள்களுடன் தனியாக வீட்டில் இருப்பதை நான் விரும்பவில்லை.

அந்த மாதத்தில் ஆசிரியர் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார். அது எங்கள் பார்வையையே மாற்றியது. இந்த வழக்கு ஜூரி முன் நடந்தது. அன்றைய நோர்வே முறையில் ஜூரியில் பத்துப் பேர், குற்றவாளி என்று சொல்லக் குறைந்தது ஏழு வாக்கு வேண்டும். அவர்கள் சொல்வது ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். காரணம் எழுதுவதில்லை. தண்டனையைப் பற்றி நீதிபதிகள் எழுதுவார்கள், ஆனால் ஜூரி எதை நம்பியது, எதை ஒதுக்கியது என்று சொல்லும் தாள் கிடையாது. அந்த ஜூரி முறையை நோர்வே 2018இல் கைவிட்டது, காரணம் இல்லாத தீர்ப்பு என்பது அதன்மேல் நெடுங்காலம் இருந்த குறை.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு பக்கம் ஒற்றைச் சொல். மறுபக்கம், பெயர்களும் நேரங்களும் அறைகளும் உரையாடல்களும் நிறைந்த நீண்ட விவரிப்பு, சுறுசுறுப்பாக எழுதப்பட்டது, தன்னிலையில். இறந்தவர் எதுவும் எழுதவில்லை. முப்பது வருடம் கழித்து வாசிக்கும் ஒருவருக்கு, நிறைய எழுதியவரே நிறையத் தெரிந்தவராகத் தோன்றுவது இயல்பு. மாணவர் ஏமாளி அல்ல. நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிற ஒரு குரலை அவர் தேடினார், கிடைத்தது அந்த ஒரு குரல்தான்.

இரண்டாவது வியாழன்: சீட்டுகள்

இம்முறை இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். ஒன்று, விவரிப்பிலிருந்த கூற்றுகளைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிவரும்படி மாணவரையே கேட்டேன். அவருடைய தாள்களை அவர்தான் நன்றாக அறிவார், தவிர, அவருக்கு எதிராக நாங்கள் எழுதியதாக ஆகக் கூடாது. பதினான்கு சீட்டுகள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரிந்திருக்க முடியும்?

மற்றது மொழி பற்றியது. அவர் சொல்வதை மட்டும் ஆதாரமாகக் கொண்ட எந்த வாக்கியத்தையும், கேள்விப்பட்டதாகவே சொல்ல வேண்டும். நோர்வீஜியனில் இதற்கு ‘ஸ்கால் ஹா’ என்று வினையோடு சேர்ப்பார்கள், செய்தித்தாள்கள் தினமும் செய்வது. எனக்கு இது தோன்றியது தமிழிலிருந்துதான். நம் பேச்சில் ‘வந்தார்’ வேறு, ‘வந்தாராம்’ வேறு. என் அம்மம்மா தான் பார்க்காத எதையும் ‘ஆம்’ போடாமல் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் வியாழன் கழன்று விழுந்தது அந்த ‘ஆம்’தான் என்று நான் புரிந்துகொண்டது, வீட்டுக்கு வந்து நடந்ததைத் தமிழில் குறித்துவைத்தபோது. ‘தாக்கினார்’ என்று எழுதிய கை தயங்கி நின்றது.

சீட்டுகள் சில விரைவாக முடிந்தன. பணத் தகராறும் ஒப்பந்தமும்: புர்சுமின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது ஓர்செத்தின் சிறு நிறுவனம், இருவருக்கும் உறவு கெட்டிருந்தது பலருக்கும் தெரியும். இது விக்கர்னெஸின் வாயை மட்டும் நம்பி நிற்பதல்ல.

கண்ணாடிச் சீட்டு அதிக நேரம் எடுத்தது. எல்லோரும் தாதியைப் பார்த்தார்கள். அவர் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன்: குத்துக் காயமா, கண்ணாடிக் கீறலா என்று உடலைப் பார்த்த பிரேதப் பரிசோதகர்தான் சொல்லலாம், அதற்காகத்தான் அந்த வேலை இருக்கிறது, அவசரப் பிரிவில் வேலை செய்வதால் நான் பரிசோதிக்காத உடலைப் பற்றிக் கருத்துச் சொல்லமாட்டேன். பிறகு ஒன்று சேர்த்தார். 16 காயம் முதுகில். எதனால் ஆனவை என்பதை விட்டாலும், எந்தப் பக்கம் என்பது எண்ணிக்கையிலேயே இருக்கிறது.

பயணத்தைப் பற்றிய சீட்டை மூத்தவர் எடுத்தார். பேர்கனிலிருந்து ஒஸ்லோவுக்குக் காரில் 450 கிலோமீட்டருக்கும் மேல், மலைகளைக் கடந்து. இன்றுள்ள லார்டால் சுரங்கம் 2000இல்தான் திறந்தது. ஒரு கையெழுத்திட்ட தாளைக் கொடுக்க இரவில் இவ்வளவு தூரம் வருவார்களா, தபால் இருக்கிறதே என்று கேட்டார். மாணவர் விட்டுக்கொடுக்கவில்லை: இருபது வயதில் கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் நியாயம். ஆகவே அந்தச் சீட்டில் ‘இரு பக்கமும் பொருந்தும்’ என்று எழுதினோம். ஆனால் பேர்கனில் தடயம் உண்டாக்க ஓர் ஆள் என்ற அரசுத் தரப்பின் கூற்றைப் பக்கத்தில் வைத்தபோது, கோபத்தில் கிளம்பிய பயணம் என்பது பலவீனமானது. மாணவரே அதைச் சொன்னார்.

சித்திரவதைத் திட்டச் சீட்டில் நாங்கள் நின்றுவிட்டோம். ஓர்செத் அப்படிப் பேசியிருக்கக்கூடும். அந்த வட்டாரத்தில் எல்லோருமே எதையும் பேசினார்கள், கொடூரமாய்ப் பேசுவது அவர்களுக்குள் ஒரு போட்டி. பேசியது திட்டமா என்பதை விக்கர்னெஸ்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஆசிரியர், இதே கதைசொல்லியின் வேறொரு சம்பவத்தை நினைவூட்டினார். 1993 ஜனவரியில் பேர்கன் நாளிதழ் ஒன்றுக்கு, பெயர் சொல்லாமல், தேவாலயத் தீவைப்புகளைப் பற்றிப் பெருமையாகப் பேட்டி கொடுத்தவர் விக்கர்னெஸ். அந்தப் பேட்டி மக்களை அச்சுறுத்தவும், ஓர்செத்தின் இசைத்தட்டுக் கடைக்கு ஆள் சேர்க்கவும்தான் என்று பின்னாளில் அவரே சொன்னார். அதாவது, தன் குற்றங்களைப் பற்றித் தான் சொன்னதை ஒரு நோக்கத்துக்காகச் சொன்னதாக ஒருமுறை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இதை ஆசிரியர் சொன்னபோது ஒலிப்பதிவாளர் வெகுநேரம் பேசவில்லை.

அந்த மாலையின் கனமான பகுதி கடைசிச் சீட்டு. படிக்கட்டு. தாதி கேட்டார்: எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே ஏற்றுக்கொள்வோம். திட்டம் இருந்ததாம், முதலில் தாக்கப்பட்டாராம், கத்திக்காக ஓர்செத் ஓடினாராம். சரி. உடல் எங்கே இருந்தது? வீட்டுக்குள் இல்லை. படிக்கட்டில். ஓர்செத் வெளியே ஓடியிருக்கிறார். விக்கர்னெஸின் விவரிப்பிலும் அவர் ஓடத்தான் செய்கிறார். ஓடுகிறவரைத் துரத்தி முதுகில் குத்துவது எந்தத் தாக்குதலைத் தடுக்கிறது?

மாணவர், விட்டிருந்தால் பிறகு ஆட்களோடு திரும்பி வந்திருப்பார் என்றார். வந்திருக்கலாம், ஆனால் அது நாளைய அச்சம், தற்காப்பு என்பது அந்த நொடியில் வருகிற அடிக்கு எதிரானது என்றார் ஆசிரியர். முதல் வியாழன் முழுவதும் நாங்கள் யார் பொய் சொல்கிறார் என்று சண்டை போட்டோம். அவர் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்தப் படிக்கட்டு அங்கேயே இருக்கிறது. இதைக் காண எங்களுக்கு ஒரு மாதமும் பதினான்கு சீட்டுகளும் தேவைப்பட்டன.

தொடர்ந்து நடந்தவை

மாணவர் அன்று எதையும் ஒப்புக்கொண்டு போகவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்ததற்கு வந்தார். ஓர்செத் விக்கர்னெஸுக்கு எதிராக ஏதோ திட்டமிட்டார் என்று இன்னமும் நினைக்கிறார், பாதிக்கு மேல் நம்புகிறார். ஆனால் அதைச் சொல்லும்போது ‘ஸ்கால் ஹா’ போடுகிறார், யாரும் நினைவூட்டாமலே. புர்சும் கேட்பதை நிறுத்தவில்லை. அதை நிறுத்தச் சொல்வது எங்கள் வேலையும் அல்ல.

மூத்தவரிடமும் மாற்றம். இனவெறியர், ஆகவே பொய்யர் என்ற வாதத்தை அவர் இப்போது எடுப்பதில்லை. இனவெறியைப் பற்றிப் பேசும்போது அதை அதற்காகவே பேசுகிறார், அது இன்னும் கூர்மையாக இருக்கிறது.

பாடகர் குழுப் பெண்மணி திரும்பி வரவேயில்லை. நான் எழுதினேன், ஒருமுறை நேரில் பார்த்தும் மன்னிப்புக் கேட்டேன். கோபம் இல்லை என்றார். கை உயர்த்தச் சொன்ன அந்த நொடியில், எரிந்த ஆலயமும் இறந்தவரும் எங்களுக்கு ரசிகர் பேச்சின் ஒரு பகுதிதான் என்று தனக்குத் தெரிந்துபோனது என்றார். அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

இன்று இதைச் செய்தால்

அந்த ஆல்பத்தை மறுபடி எடுத்துக்கொண்டால், முதலில் வழக்கின் எளிய உண்மைகளை ஐந்து நிமிடம் சொல்லிவிட்டுத்தான் ஒலிக்கவிடுவேன். யார் வாசிக்கிறார்கள், அவர்களில் யார் யாரைக் கொன்றார், எப்போது, என்ன தண்டனை. கேட்டு முடித்தபிறகு இவை தெரிய வரும்போது அவை சுவையான கதையாகிவிடுகின்றன, முன்னால் தெரிந்தால் கேட்பதன் பகுதியாகின்றன.

நம்பிக்கையைப் பற்றி வாக்கெடுப்பு நடத்தமாட்டேன், எவ்வளவு நேரமானாலும். அறையைக் கொடுக்க வேண்டுமானால் முடியாமலே எழுந்து போவோம்.

சீட்டு முறையை முதல் நாளே தொடங்குவேன், ஆனால் அதில் ஒரு குறை இருந்ததையும் சொல்ல வேண்டும். பதினான்கு சீட்டும் விக்கர்னெஸ் வகுத்த கேள்விகள். அவர் எதைப் பற்றி எழுதினாரோ அதைத்தான் நாங்கள் சோதித்தோம். தேவாலயங்களைப் பற்றி ஒரு சீட்டுகூட இல்லை, காரணம், அங்கே அவர் செய்தேன் என்றும் செய்யவில்லை என்றும் சொல்லாமல் நழுவுகிறார், ஆகவே எழுத எதுவும் கிடைக்கவில்லை. நிரூபிக்கப்பட்ட மூன்று தீவைப்புகள் எங்கள் மேசைக்கே வரவில்லை. அவற்றைப் பற்றிப் பேசியிருக்கக்கூடியவர் அன்று அறையில் இல்லை.

இப்போது சீட்டுகளோடு வெற்றுச் சீட்டுகள் சிலவற்றையும் வைக்கிறோம். விவரிப்பில் இல்லாதவற்றை எழுத. சென்ற மாதம் வேறொரு ஆல்பம், வேறொரு பழைய வழக்கு. பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே மாணவர் ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து, இறந்தவரின் பெயரையும் வயதையும் எழுதி மேசையின் நடுவில் வைத்தார்.